மெருகுப் பஞ்சு

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையன்று நேயர்கள் படவேட்டுக்குப் போனதுண்டா? போனதில்லையென்றால் ஒரு தடவையாவது போய் வரவேண்டும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் சந்தவாசல் என்ற ஊர் வரும். அங்கிருந்து மேற்கே திரும்பி ஜவ்வாது மலையை நோக்கிச் சென்றால், இரு பக்கமும் வாழைத் தோட்டங்கள் கண்ணைக் குளிர்விக்கும். மலையடிவாரத்தில் ரேணுகாம்பாள் கோயில் கொண்டிருக்கிறாள். ஆடி வெள்ளிகளில் அங்கே கூடும் ஜனங்களுக்குக் கணக்கு வழக்கு இல்லை. முற்காலத்தில் அந்த ஜனங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது மோட்டாரில் வருகிறார்கள்.

அப்படி மோட்டாரில் வந்தவர்களில் என் மாமாவும் ஒருவர். பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். பிராவிடெண்டு பண்டுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, கருநீல நிறத்தில் ஒரு சிறிய காரை வாங்கினார். குல தெய்வத்தின் சன்னிதியில் பூஜை போட்ட பிறகுதான் அதில் நிம்மதியாக உட்காருவேன் என்பது அவருடைய சங்கல்பம். ஆகையால் நாங்கள் எல்லோரும் படவேட்டுக்குப் புறப்பட்டோம்.

பூஜை விமரிசையாக நடந்தது. சக்கரங்களின் கீழ் எலுமிச்சம் பழம், முன் மூடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை என்று ஒன்றும் குறைவில்லை. வழிநெடுக ஏறிய புழுதியும் வண்டியின் மேல் இருந்தது. பூஜை முடிந்ததும் மாமா வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். சந்தனம் காய்ந்து உதிர்வதையும் திருநீறு காற்றில் பரவுவதையும் கண்டார். அவருக்கு மனம் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல, வட்டம் வட்டமாக, அழுத்தமாக, முன் மூடி முழுவதையும் துடைத்துவிட்டார்.

"பார்த்தாயா, எப்படி மின்னுகிறது!" என்றார்.

மின்னியது உண்மைதான். ஆனால் மாலையில், சூரியன் ஜவ்வாது மலைக்கு அப்பால் சாய்கிற நேரத்தில், சாய்ந்த வெயில் அந்த முன் மூடியின்மேல் விழுந்தபோது, மாமாவின் முகம் வாடிவிட்டது. கருநீலப் பரப்பு முழுவதிலும் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கீறல்கள்! திருநீறும் புழுதியும் மிகப் பொடியான உப்புத்தாளைப் போல வேலை செய்துவிட்டன. அன்போடு துடைத்த கையே அந்த உப்புத்தாளை அழுத்தித் தேய்த்துவிட்டது.

"ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ரப்பிங் போடக் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்றார் மாமா.

"அவசரப்பட வேண்டாம், மாமா" என்றேன் நான்.

அவ்விதம் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் என் பழைய வண்டியை ஒரு பட்டறையில் ரப்பிங் போடக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி கண்ணாடி போல் ஜொலித்தது. கை நிறையப் பணம் கொடுத்து, மனம் நிறைய வாழ்த்திவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், முன் மூடியின் விளிம்பிலே ஒரு விரற்கடை நீளத்துக்கு நீலம் போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. முரட்டுக் கம்பளிப் பஞ்சை வேகமாகச் சுழலவிட்டு, விளிம்பிலே அழுத்தி, வர்ணத்தையே உரித்துவிட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் விழுந்திருந்த நெளிநெளியான நிழல்கள் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு தெரிய ஆரம்பித்தன. கீறலைப் போக்கக் கொடுத்த வண்டி, வர்ணத்தைப் போக்கிக்கொண்டு வந்தது!

ஆகவே, மாமாவைப் போளூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெயிண்டு மேஸ்திரியிடம் அழைத்துக்கொண்டு போனேன். வயதானவர்; ஆத்திரப்படாத மனிதர். அவர் வண்டியைப் பார்த்ததும் மெஷினை எடுக்கவில்லை. விளக்கை எடுத்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கீறல்களைப் பார்த்தார். பிறகு விரல் நகத்தால் மெல்ல வருடினார்.

"நகம் சிக்கவில்லை, ஸார். போக்கிவிடலாம். நகம் சிக்குகிற கீறலாக இருந்தால் தொடமாட்டேன். அதைப் போக்க வேண்டுமானால், அது எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் அல்லவா இறக்கவேண்டும்?" என்றார்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டதும், அதன்பின் நானாகப் படித்தும் பார்த்தும் அறிந்ததுமான விஷயங்களைக் கார் வைத்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றுகிறது.

மயிரிழையில் பாதி

இப்போது வரும் கார்களில் இரும்புத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்று, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் நிறமற்ற பூச்சு. இவை எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனந்தான் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலேயுள்ள கிளியர் மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நாம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது மயிரிழையில் பாதி முதல் முக்கால் பங்குக்குள்ளேயே கனமுள்ள ஒரு பூச்சைத்தான்!

அந்தப் பூச்சிலேதான் சூரியனின் புற ஊதாக் கிரணங்களைத் தடுக்கும் சரக்கும் கலந்திருக்கிறது. அதை மெலிய விட்டால் நம் ஊர் வெயில் சும்மா இருக்குமா? சில வருஷங்களில் கிளியர் வெளுத்து, பாம்புச் சட்டை போல உரிய ஆரம்பிக்கும். ஒரு வண்டியின் ஆயுள் முழுவதிலும் மொத்தமாக 8 மைக்ரானுக்கு மேல் தேய்த்து எடுக்கக் கூடாதென்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வருஷந்தோறும் தீபாவளிக்கு ஒரு முறை ரப்பிங் போடுகிறவர்கள் அந்த எல்லையை எவ்வளவு சீக்கிரம் கடந்துவிடுவார்கள் என்று நேயர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு முறை பாலிஷ் போடும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னையில் 1840-ல் தொடங்கிய ஸிம்ஸன் கம்பெனியார் முதலில் குதிரை வண்டிகளைத்தான் செய்துவந்தார்கள். 1903-ல் அவர்களே ஒரு நீராவிக் காரையும் செய்து ஓட்டிக் காட்டினார்கள். அந்த நாளில் வண்டிக்கு வார்னிஷ் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடியும் பூசி முடிப்பதற்கு வாரக் கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவில் விரைவில் காயும் லாக்கர் வர்ணங்கள் வந்தன. பின்னால் நம் தேசத்தில் ஓடிய அம்பாஸடர், பியட் முதலிய வண்டிகளிலும் வெகு காலம் நிறமே மேல் பூச்சாக இருந்தது. அந்த நிறம் வெயிலில் வெளுத்து மாவு பூத்துவிடும். தேய்த்தால் கீழே புது நிறம் தெரியும். தேய்க்கும் துணியிலும் நிறம் ஒட்டும். கறுப்பு வண்டியானால் துணி கறுப்பாகும். எவ்வளவு இழந்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். இப்போது மேலே இருப்பதோ நிறமற்ற பூச்சு. அது எவ்வளவு போனாலும் துணியில் தெரியாது. வண்டியும் அன்றைக்கு மின்னத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாத செலவுக்குத்தான் கணக்கு அதிகம் வைக்கவேண்டும்.

பஞ்சு பிறக்கும் விதம்

மேஸ்திரி ஓர் அலமாரியைத் திறந்தார். மஞ்சள், ஆரஞ்சு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று பல நிறங்களில் வட்டமான பஞ்சுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மிட்டாய்க் கடையைப் பார்ப்பது போல இருந்தது. "மருந்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், ஸார். பஞ்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பாதி வேலை பஞ்சுதான் செய்கிறது" என்றார். மருந்து என்று அவர் சொன்னது, பஞ்சில் தடவித் தேய்க்கும் காம்பவுண்டை.

இந்தப் பஞ்சு பருத்தியிலிருந்து வருவதில்லை. பாலியூரிதேன் என்னும் நுரைப் பொருளால் ஆனது. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரஸாயன நிபுணரும் அவருடைய சகாக்களும் பாலியூரிதேனைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு திரவங்களைச் சிறிது தண்ணீரோடு கலந்தால் கரியமில வாயு பிறந்து, கலவை பொங்கி நுரையாக எழும்பி, அப்படியே இறுகிவிடுகிறது. நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதும் கரியமில வாயுவினால்தான். இட்லியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே கண் கண்ணாகத் தெரிகிறதல்லவா? நுரைப் பஞ்சிலும் அப்படியே. அந்தக் கண்களின் பருமனும், அவற்றின் சுவர்கள் திறந்திருப்பதும் மூடியிருப்பதும், நுரையின் விறைப்புந்தான் ஒரு பஞ்சின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

விறைப்பான நுரை, காம்பவுண்டில் உள்ள பொடியை வர்ணத்தின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. ஆகையால் அது அதிகமாக அரிக்கும். இதை வெட்டும் பஞ்சு என்று சொல்லலாம். நடுத்தர விறைப்புள்ளது மெருகிடும் பஞ்சு. தொட்டால் பூவைப் போல அமுங்குவது முடிக்கும் பஞ்சு. மெழுகு பூசவும் கடைசி மங்கலைப் போக்கவும் அது உதவும். கண்கள் திறந்த நுரையில் காற்று உள்ளே போய் வரும். சூடு குறைவாக ஏறும். தேய்த்த கசடும் உள்ளே இறங்கிக்கொள்ளும். கண்கள் மூடிய நுரை மருந்தை மேற்பரப்பிலேயே நிறுத்திக்கொள்ளும். ஆனால் விரைவில் சூடேறும்.

நுரைக்கு மேலே இன்னும் இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்று கம்பளி, மற்றொன்று மைக்ரோபைபர் இழை. இவை பெரும்பாலும் நுரையைவிட வேகமாக அரிப்பவை. ஆழ்ந்த கீறல்களுக்கும், புதிதாக வர்ணம் அடித்து உப்புத்தாள் போட்ட இடங்களுக்கும் இவை வேண்டியிருக்கலாம். ஆனால் இவை விட்டுச் செல்லும் மங்கலைப் போக்க மறுபடியும் நுரைப் பஞ்சைத்தான் தேடிவர வேண்டும். துண்டால் துடைத்து விழுந்த கீறலுக்குக் கம்பளியை எடுப்பது, கொசுவை அடிக்கக் கோடாலி எடுப்பதற்குச் சமானம்.

நிறத்தை நம்பக் கூடாது

"மஞ்சள் பஞ்சு நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே?" என்று மாமா கேட்டார்.

மேஸ்திரி சிரித்தார். "எந்தக் கம்பெனி மஞ்சள் என்று சொன்னாரா, ஐயா?"

இந்தக் கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது. பஞ்சின் நிறத்துக்கு உலகத்தில் பொது விதி ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி கம்பெனி வெகு காலமாகச் செய்துவரும் வரிசையில் மஞ்சள் என்பது மிகவும் விறைப்பான வெட்டும் பஞ்சு. இத்தாலியின் ரூபெஸ் கம்பெனியிலோ மஞ்சள் மென்மையானது. மெருகை முடிக்கும் தறுவாயில் எடுப்பது. அதே ரூபெஸில் நீலம் முரடு. லேக் கன்ட்ரியிலும் 3எம் கம்பெனியிலும் நீலம் மிக மெல்லிய வேலைக்கு உரியது. ஒரு வீட்டு மஞ்சள் இன்னொரு வீட்டில் மிளகாயாக இருக்கிறது! ஆகவே நிறத்தைச் சொல்லிக் கடையில் வாங்கவே கூடாது. உறையின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும். விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். ஒரே கம்பெனியின் வரிசையில் முரடு, நடுத்தரம், மென்மை என்று மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

அளவும் முக்கியமானது. முன் மூடி, கூரை, கதவு ஆகிய அகன்ற இடங்களுக்கு 5 அல்லது 6 அங்குலப் பஞ்சு போதும். கண்ணாடிக்கு இரு பக்கமுள்ள தூண்கள், பம்பர் வளைவு, கைப்பிடியின் அடிப்புறம் ஆகியவற்றுக்கு 3 அங்குலம் வேண்டும். மெஷினின் பின் தட்டைவிடப் பஞ்சு சற்றுப் பெரியதாக இருக்கவேண்டும். தட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வர்ணத்தில் இடித்துப் பள்ளம் செய்துவிடும். தடித்த பஞ்சு வளைவுகளுக்கு இணங்கும். மெல்லிய பஞ்சு மெஷினின் அசைவை வீணாக்காமல் வர்ணத்துக்குக் கொண்டு சேர்க்கும். நடுவில் துவாரமுள்ள பஞ்சுகளும் உண்டு. நடுவே சேரும் சூடு வெளியேறுவதற்காக அந்த ஏற்பாடு.

மெஷின்களில் இரண்டு வகை. ஒன்று, அச்சில் நின்று ஒரே சுற்றாகச் சுழல்வது. கைதேர்ந்தவர்களிடம் அது அற்புதம் செய்யும். கைதேராதவர்களிடம் ஒரே இடத்தில் நின்று சூடேற்றி வர்ணத்தைப் பொசுக்கும். மற்றது, சுழன்றுகொண்டே விலகி விலகி அசைவது, டி. ஏ. மெஷின் என்பார்கள். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றவில்லையா, அதைப் போல. அழுத்தம் அதிகமானால் இதன் சுழற்சி தானே தளர்ந்துவிடுகிற படியால், வீட்டில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு இதுவே தகுந்தது.

ஒரு சாண் பரீட்சை

எந்தப் பஞ்சைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு மேஸ்திரியின் விடை மிகவும் எளிது. "மென்மையானதில் ஆரம்பியுங்கள்."

முதலில் வண்டியை நிழலில் நிறுத்திக் குளிர விட்டார். வெயிலில் நின்ற கருநீலத் தகட்டைக் கையால் தொட முடியாது. அந்தச் சூட்டில் மருந்து காய்ந்து கட்டியாகிவிடும். பிறகு தண்ணீரைத் தாராளமாக விட்டு, புழுதியும் சந்தனமும் தாமாகவே இளகி ஓடும்படி செய்தார். இரண்டு வாளிகள் வைத்துக்கொண்டார். ஒன்றில் சோப்புத் தண்ணீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கு நல்ல தண்ணீர். கழுவிய பிறகும் கையில் சொரசொரப்புத் தட்டிய இடங்களைக் களிமண் போன்ற ஒரு கட்டியால் வழவழப்பு நீரோடு மெல்ல உருட்டி எடுத்தார். அழுக்கு இருக்கும்போதே பஞ்சை வைத்தால், அந்த அழுக்கே புதுக் கீறலுக்கு விதையாகும்.

அதன்பின் முன் மூடியில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, நாலு பக்கமும் காகித நாடா ஒட்டினார். இரண்டு சாண் சதுரம் இருக்கும். மென்மையான பஞ்சில் பட்டாணி அளவு மருந்து நாலைந்து சொட்டு விட்டு, முதலில் மெஷினை ஓட்டாமலே பஞ்சால் பரப்பினார். பிறகு மெதுவாக, நெடுக்கிலும் குறுக்கிலுமாக, கோலத்துக்குக் கோடு இழுப்பது போல ஓட்டினார். ஒரு கோட்டில் பாதி அடுத்த கோட்டின்மேல் படிந்தது. துடைத்து விளக்கைப் பிடித்தபோது பாதிக் கீறல்கள் போயிருந்தன, பாதி இருந்தன.

"மருந்தை மாற்றவில்லை, பஞ்சை மட்டும் மாற்றுகிறேன், பாருங்கள்" என்று நடுத்தரப் பஞ்சை எடுத்தார். அதே மருந்து, அதே வேகம். இம்முறை துடைத்துப் பார்த்தால் சதுரத்துக்குள் சிலந்தி வலை மறைந்துவிட்டது! வெட்டும் பஞ்சு அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஒரே ஒரு முடிக் கீறல் இருக்கிறதே?" என்றார் மாமா, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு.

"இருக்கட்டும், ஐயா. அதை எடுக்க இன்னும் இரண்டு மைக்ரான் போகும். அந்த இரண்டு மைக்ரான் உங்கள் பேரனுக்கு வேண்டியிருக்கும்" என்றார் மேஸ்திரி.

மாமா பேசாமல் இருந்துவிட்டார். முப்பது வருஷம் பையன்களைத் திருத்தியவருக்கு, எங்கே திருத்துவதை நிறுத்தவேண்டும் என்பது புரியாமல் போகுமா?

விளிம்புகளையும் முகடுகளையும் அடைந்தபோது மேஸ்திரி அவற்றின்மேலும் நாடா ஒட்டிவிட்டார். அங்கே பூச்சு மெல்லியதாக இருக்கும். பஞ்சின் அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டிலேயே விழும். என் பழைய வண்டி பலியானது அப்படித்தான். பிளாஸ்டிக் பம்பரிலும் அவர் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். பிளாஸ்டிக் சூட்டை இரும்பைப் போல் கடத்தாது. ஒரே இடத்தில் தேங்க வைக்கும்.

பஞ்சைப் பேணும் முறை

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பஞ்சைத் தூரிகையால் தேய்த்துக் கசடை நீக்கினார். ஒரே பஞ்சில் வண்டி முழுவதையும் முடிக்கவில்லை. தேய்ந்த வர்ணமும் காய்ந்த மருந்தும் கண்களை அடைத்துக்கொண்டால் பஞ்சு சூடேறும், வேலையும் செய்யாது. ஒரு வண்டிக்கு ஒரே வகையில் மூன்று நாலு பஞ்சுகளாவது மாற்றிக்கொள்ள இருப்பது நல்லது. ஒரு மருந்து தொட்ட பஞ்சில் இன்னொரு மருந்தைத் தொடக் கூடாது. முரட்டு மருந்தின் ஒரு பொடி மென்மையான மருந்தில் கலந்தால் போதும், செய்த வேலை கெட்டுவிடும். தரையில் விழுந்த பஞ்சைக் கழுவாமல் மறுபடியும் எடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிழிந்து, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் நுரை மக்கும். பின்புறம் ஒட்டிய வெல்க்ரோவும் விட்டுவிடும். உலர்ந்த பிறகு தூசி படாத டப்பாவில் மூடி வைக்கவேண்டும். விளிம்பு கிழிந்தாலோ, அமுக்கினால் மீண்டும் எழும்பாமல் சப்பிப் போனாலோ, அந்தப் பஞ்சுக்குப் பென்ஷன் கொடுத்துவிட வேண்டியதுதான். சக்கரம் துடைக்க உதவும்.

தாமே செய்ய முடியாதவர்கள் பட்டறைக்குத்தான் போகவேண்டும். போகட்டும், ஆனால் சாவியைக் கொடுக்குமுன் நாலு கேள்விகள் கேட்கட்டும். முதலாவது: வர்ணத்தின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறதா? இரண்டாவது: எந்தப் பஞ்சில் ஆரம்பிப்பீர்கள்? மூன்றாவது: ஓர் இடத்தில் முதலில் செய்து காட்டுவீர்களா? நாலாவது: முடித்த பிறகு ஸ்பிரிட் கலந்த நீரால் துடைத்துக் காட்டுவீர்களா? ஏனென்றால் சில பாலிஷ்களில் கீறலை அடைத்து மறைக்கும் எண்ணெயும் மெழுகும் உண்டு. அவை கழுவக் கழுவப் போய்விடும். கீறல் திரும்பி வரும். ஸ்பிரிட்டால் துடைத்த பின்னும் கீறல் தெரியாவிட்டால்தான் வேலை உண்மையானது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விடவேண்டாம். மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறவர், நம் பணத்துக்கும் வர்ணத்துக்கும் மரியாதை செய்கிறவர்.

கிடந்த மணலும் பாய்ந்த மணலும்

இரண்டு வாரம் கழித்து மற்றொரு வெள்ளிக்கிழமை, மாமாவும் நானும் மறுபடியும் படவேட்டுக்குப் போனோம். இம்முறை கூட்டம் குறையும் வரையில் ஊரைச் சுற்றிப் பார்த்தோம்.

படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களுடைய தலைநகரம். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் அவர்களை வென்றான். பிறகு படைவீட்டு ராஜ்யம் என்ற பெயரில் விஜயநகரப் பேரரசின் ஒரு பகுதியாக இது விளங்கிற்று. அக்காலத்துக் கோயில்கள் பல பின்னால் மண் மூடிப் போயின. டி. வி. எஸ். குழுமத்தாரின் துணையோடு அவற்றில் பலவற்றை மண்ணிலிருந்து மீட்டுத் திருப்பணி செய்திருக்கிறார்கள். மோட்டார்த் தொழிலில் சேர்ந்த செல்வம், மோட்டார் இல்லாத காலத்துக் கற்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. வில்லும் அம்பும் இல்லாமல் சின்முத்திரையோடு அமர்ந்திருக்கும் யோக ராமரை அங்கே சேவித்தோம். அவர் சன்னிதியில் அநுமார் சுவடி வாசிக்கிறார்.

மாமா கற்சுவர்களைத் தடவிக்கொண்டே வந்தார். "இவ்வளவு காலம் மணலுக்குள் கிடந்தும் கல் தேயவில்லையே?" என்றார்.

கிடந்த மணல் ஒன்றும் செய்யாது. பாய்ந்த மணல்தான் தேய்க்கும். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில், பழைய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குவதற்காக மெஷினால் மணலைப் பீய்ச்சி அடித்த காலம் ஒன்று இருந்தது. சுவர்கள் புதுக் கல் போலத்தான் ஆயின. ஆனால் சிற்பங்களின் நுட்பமும் கல்வெட்டுகளின் எழுத்தும் மழுங்கின. அறிஞர்கள் எடுத்துச் சொல்லி, பின்னர் அந்த முறைக்குத் தடை வந்தது. மழுங்கிய எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை.

எழுத்து என்றால் எப்பேர்ப்பட்ட எழுத்து! வேலூருக்குப் பக்கத்தில் உள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், லாடர் என்று எல்லா வகையினரும் கூடி, இனிமேல் கல்யாணத்துக்குப் பொன் வாங்கக் கூடாது, கன்னிகாதானமாகவே செய்யவேண்டும், மீறினால் ராஜ தண்டனையும் ஜாதி விலக்கும் உண்டு என்று ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. அறுநூறு வருஷங்களுக்கு முன் நம் முன்னோர்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ள எடுத்த தீர்மானம் அது. கல்லின் மேற்பரப்பில் வெட்டிய சில வரிகளாக மட்டுமே அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அழுக்கைப் போக்குகிறோம் என்று முரட்டுக் கையால் ஒரு நாள் தேய்த்தால், அவ்வளவும் போய்விடும்.

கோயில் சுவரையும் கார் வர்ணத்தையும் ஒன்றாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். அந்தஸ்து வேறுதான். ஆனால் தேய்க்கும் கைக்கு இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்லுகின்றன. மெருகு என்பது மேலே ஒன்றைச் சேர்ப்பதென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மேலிருந்து ஒன்றை எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது.

அன்றைக்கும் வண்டிக்குச் சந்தனம் வைத்தார்கள், திருநீறு இட்டார்கள். பூஜை முடிந்ததும் மாமாவின் கை, பழக்கத்தினால் தோள் துண்டின்மேல் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அவர் வண்டியின் பின்புறத்தைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்தார்.